பன்னிக்கு எது சொந்த ஊரு?

ஏனுங்க மாப்பிள்ளை, சித்த மூச்சு வாங்கிக்குங்க. கண்ணு, நீயுந்தான். கறிக்கொழம்பு ஆறிப்போறதுகூடத் தெரியாம என்ன பேச்சுப் பேசறீங்க ரெண்டு பேரும்! கும்புடறது ஒரே பன்னி. அதை எந்த ஊருல ஆட விடறதுங்கறதுல இத்தனை தகராறு.

நான் பெருந்துறைப் பக்கத்துக்காரன். மகன் பென்டன்வில்லுல வால்மார்ட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். பேரன் பக்கத்துலயே ஃபயட்வில்லுல, ஆர்கன்சா பல்கலைக்கழகத்துல படிக்கிறான். மகளைக் கட்டின மாப்பிள்ளைக்கு மாநிலத் தலைநகரு லிட்டில் ராக்ல சோலி. ஆக, எனக்கு ரெண்டு ஊட்டுலயும் சோறு உண்டு. அதனால நான் சொல்றது நடுநிலையான நாயம்னு நீங்க நம்பலாம். சோறு போடறவங்க மனசு நோகாம நாயம் பேசிப் பழகின ஆளு நானு.

இந்த ஊரு ஃபுட்பால் உங்களுக்குத் தெரியும், ஊருல இருக்கற சனத்துக்குத்தான் வெளங்காது. காலால உதைக்கறது கொஞ்சம். பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முட்டி மோதி ஓடறதுதான் அதிகம். ஆர்கன்சாக்காரங்க அணிக்கு 'ரேசர்பேக்ஸ்'னு காட்டுப்பன்னி பேரு. நெசப்பன்னி ஒண்ணையும் வளத்து, 'டஸ்க்'னு பேரு வெச்சு ஆட்டத்துக்குக் கூட்டியாறாங்க. சனங்க பன்னியைக் கூப்பிடற அழகை நான் கிட்ட இருந்து பாத்தேன். ரெண்டு கையையும் மேல தூக்கி, விரலையெல்லாம் நடுங்க விட்டுக்கிட்டு, அடிவயித்துல இருந்து 'வூ...'ன்னு இழுக்கறாங்க. சத்தம் உச்சிக்குப் போனதும் கையை வீசி இறக்கி 'பிக்... சூயி!' இப்படி மூணு தடவை கூப்பிட்டுட்டு, கடைசியில 'ரேசர்பேக்ஸ்!' பெரிய பெரிய வக்கீலு, டாக்டரெல்லாம் கத்தறாங்க. எனக்கு முன்னால நின்ன ஒருத்தர் தலையில செவப்பு பிளாஸ்டிக் பன்னித் தொப்பி. முன்னால மூக்கு, பின்னால வாலு. கையில பன்னி வெலாக்கறி. கத்தி முடிச்சாரு, கடிச்சாரு, மறுபடி கத்தினாரு. பக்தியும் பசியும் அவருக்கு ஒண்ணுக்கொண்ணு எடஞ்சலாவே இல்லை.

சரி, வழக்குக்கு வருவோம். பல்கலைக்கழகம் இருக்கறது வடமேற்கு மூலையில, ஓசார்க் மலைமேல, ஃபயட்வில்லுல. தலைநகரு மாநிலத்து நடுவுல, கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தள்ளி. ரெண்டு லட்சம் சனம் இருக்கற ஊரை இங்கே 'பெருநகரம்'ங்கறாங்க. நம்ம ஈரோட்டுல பாதிகூட இருக்காது. இருந்தாலும், மலைமேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கறதெல்லாம் பட்டணந்தான்.

1938ல ஃபயட்வில்லுல மைதானம் கட்டினப்ப 13,500 பேருதான் உக்கார எடம். மலையேறி வர்ற ரோடும் அப்படி இப்படித்தான். வளைஞ்சு வளைஞ்சு போற 23ஆம் நம்பர் ரோட்டுக்கு இன்னைக்கும் 'பிக் டிரெயில்', பன்னித்தடம்னே பேரு. 1948ல லிட்டில் ராக்ல போர்வீரங்க நினைவா வார் மெமோரியல் மைதானம் எழும்பிச்சு. முதல் ஆட்டத்துல அபிலீன் கிறிஸ்டியனை 40க்கு 6னு சாத்தினாங்க. அதுக்கப்புறம் 50 வருசம், வருசத்துக்கு ஊட்டு ஆட்டத்துல மூணோ நாலோ அங்கேதான். 1954ல 'ஓல் மிஸ்'ங்கற மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எதிரா 66 கஜத்துக்கு ஒரே வீச்சு, 6க்கு 0. 'பவுடர் ரிவர்'னு அந்த வீச்சுக்குப் பேரு வெச்சு, அந்தக் காலத்துக் கெழவனுங்க பேரப்பிள்ளைங்ககிட்டச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாங்க. அதுவும் லிட்டில் ராக்லதான்.

1999ல வந்துச்சு வெனை. 1958ல இருந்து அணிக்குக் கோச்சா இருந்து, அப்புறம் விளையாட்டுத் துறைக்கே தலைவரான ஃபிராங்க் ப்ராய்ல்ஸ், மலைமேல மைதானத்தைப் பெருசாக்கி லிட்டில் ராக் ஆட்டங்களை மேல கொண்டு போயிரலாம்னாரு. லிட்டில் ராக்ல பெரிய நிதி நிறுவனம் நடத்தற வாரன் ஸ்டீஃபன்ஸ், விடமாட்டேன்னு நின்னாரு. மாநிலமே ரெண்டாப் பொளந்துச்சு. 2000ல அறங்காவலர் குழு ஒரு ராசிக்குக் கொண்டு வந்துச்சு: வருசம் ரெண்டு ஆட்டமாவது கீழ நடக்கும். அந்த ஸ்டீஃபன்ஸ்தான் இப்ப இங்கிலாந்துக்கு அமெரிக்கத் தூதர். இந்தப் பஞ்சாயத்துல பழகினவருக்கு அந்த வேலையெல்லாம் எம்மாத்திரம்? ரெண்டு ஆட்டம் 2014ல ஒண்ணாச்சு. அப்புறம் அந்த ஒண்ணும் சில வருசம் வந்துச்சு, சில வருசம் வரலை.

இப்ப ரெண்டு பேருக்கும் தனித்தனியா ரோசனை சொல்றேன். சண்டைன்னா ஒழுங்கா போடோணும்.

கண்ணு, முதல்ல உனக்கு. 'காலேஜ் அணி காலேஜ்லதான் ஆடோணும், மாணவனுங்க எந்திரிச்சு நடந்து வந்து பாக்கோணும்'னு சொல்லு. சரியான பேச்சு, யாரும் மறுக்க முடியாது. 'புதுசாச் சேக்கற பையனுக்குக் காலேஜைக் காட்டோணுமே, 300 கிலோமீட்டர் தள்ளி வாடகை மைதானத்தைக் காட்டினா எவன் வருவான்?'னும் கேளு. கோச்சுங்க கவலையும் அதுதான். ஆனா அந்தப் பழைய 50 வருசத்தைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்காதே. ரோடு கெட்டுக் கெடந்தப்ப, உக்கார எடமில்லாதப்ப, இந்தக் காலேஜ் நாயம் உங்காளுங்களுக்கு ஒருநாளும் ஞாபகம் வரலை. 1999ல மலைக்கு நாலுவழி ரோடு வந்து சேந்துச்சு, அதே வருசம் நாயமும் வந்து சேந்துச்சு. ஆத்தைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பொறகு நீ யாரோ நான் யாரோன்னு நம்ம ஊருல சொல்றது சும்மா இல்லை சாமி.

அடுத்து, 'லிட்டில் ராக் ராசியில்லாத எடம்'னு சொல்லு. 2012ல எட்டாம் ரேங்க்ல இருந்த அணி லூசியானா மன்ரோகிட்டத் தோத்ததையும், 2015ல டொலிடோகிட்ட 16க்கு 12னு தோத்ததையும் எடுத்து விடு. மாப்பிள்ளை மொகம் வாடிப்போகும். ஆனா அதோட எந்திரிச்சுப் போயிரு. இன்னும் சித்த நேரம் உக்காந்திருந்தீன்னா, 1992ல எஸ்ஈசி லீக்ல சேந்த முதல் வருசம் முதல் ஆட்டத்துலயே சிட்டாடல்னு ஒரு சின்னக் காலேஜ்கிட்ட 10க்கு 3னு தோத்து, கோச்சு வேலையே போனது எங்கேன்னு கேப்பாங்க. ஃபயட்வில்லுல. 2018ல நார்த் டெக்சாஸ் 44க்கு 17னு அடிச்சது எங்கே? ஃபயட்வில்லுல. 2019ல சான் ஹோசே, 2022ல லிபர்ட்டி? எல்லாம் உங்க மலைமேலதான். எங்கே ஆடினாலும் தோக்கற தெறமை உங்க பன்னிக்கு இருக்கு. அதுல ஊரு வித்தியாசம் பாக்காத பன்னி.

மாப்பிள்ளை, இப்ப உங்களுக்குங்க. 'ஒரே மாநிலம், ஒரே அணி'ன்னு ஆரம்பிங்க. பெரிய லீக் அணி ஒண்ணுகூட இல்லாத மாநிலம், இந்தப் பன்னியை விட்டா வேற போக்கிடமில்லைன்னு சொல்லுங்க. கேக்கறவனுக்குக் கண்ணு கலங்கும். மைதானத்தை ஒட்டி ஒரு கோல்ஃப் திடலு இருந்துச்சே, அதை மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஆட்டத்தன்னிக்குக் காலங்காத்தால அந்தப் புல்லுமேல காரை நிறுத்தி, கூடாரம் அடிச்சு, அடுப்பு மூட்டி, பெட்டி பெட்டியா பீரை எறக்கி வெச்சு ஒரு திருநாளு கொண்டாடுவீங்கல்ல? அதுலதான் உங்க உசுரு இருக்குன்னு பேரனுக்குத் தெரிஞ்சா கதை கந்தல். உள்ள ஆட்டம் தொடங்கின பொறகும் வெளிய அடுப்பு அணையாத கூடாரங்களை நானே பாத்தேனுங்களே.

2002 நவம்பரை எடுத்து விடுங்க. லூசியானா ஸ்டேட் அணி எல்எஸ்யூ 20, நாம 14. முப்பத்திச் சொச்சம் செகண்டு பாக்கி. மேட் ஜோன்ஸ் வீசின ஒரு பந்து 50 கஜம் போச்சு, அப்புறம் வீசின ஒண்ணு 31 கஜம், டெக்கோரி பர்மிங்காம் கையில விழுந்துச்சு, 20க்கு 20. ஒம்போது செகண்டு மிச்சம். கொண்டாட்டம் கூடிப்போச்சுன்னு நடுவர் அபராதம் போட்டு, கடைசி ஒத்தைப் புள்ளி உதையை 35 கஜத்துக்குத் தள்ளி வெச்சாரு. அதையும் உள்ள அடிச்சாங்க, 21க்கு 20. மைதானத்து ஓரமாப் போற மார்க்கம் வீதி பேரை வெச்சு 'மார்க்கம் அதிசயம்'னு சொல்லுவாங்க. 2008லயும் அதே எல்எஸ்யூவை அதே மைதானத்துல 31க்கு 30னு கடைசி நிமிசத்துல கவுத்தாங்க. இந்த ரெண்டையும் சொன்னா பேரன் பேச மாட்டான். ஆனா 2019 நவம்பரை நீங்களா ஆரம்பிக்காதீங்க. மிசூரி வந்துச்சு, நல்ல எதிராளி, நீங்க கேட்ட ஆட்டம். நம்ம பன்னி அந்த வருசம் 12 ஆட்டத்துல ரெண்டே ஜெயிச்சிருந்துச்சு, கோச்சையும் நடுவுலயே அனுப்பிட்டாங்க. காலி நாற்காலிங்கதான் கண்ணுல பட்டுச்சு. மாநிலத்து ஒத்துமை அன்னைக்கு ஊட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டு டிவி பாத்துச்சுங்களா?

ரெண்டு பேரும் சொல்லாத விசயம் ஒண்ணு இருக்கு. நானே சொல்லிடறேன், கெழவனுக்கென்ன பயம். பன்னி எந்தப் பக்கம் போகோணும்ங்கறதை ரோடும் கணக்குப் புஸ்தகமுந்தான் முடிவு பண்ணிச்சு. வால்மார்ட் பென்டன்வில்லுல, டைசன் கோழிக் கம்பெனி ஸ்பிரிங்டேல்ல, ஜேபி ஹண்ட் லாரிக் கம்பெனி லோவெல்ல. மலைமேல பணம் வந்து குமிஞ்சுபோச்சு. 2001ல 72,000 பேருக்கு மைதானத்தைப் பெருசாக்கினாங்க. 2018ல இன்னும் 16 கோடி டாலர் போட்டு 76,000. கண்ணாடி ரூமு, மெத்தை நாற்காலி, தனிச் சாப்பாடு எல்லாம் உண்டு. நல்ல எடத்துல உக்காரோணும்னா டிக்கெட்டுக்கு முன்னால நன்கொடை எழுதோணும். லிட்டில் ராக்ல 54,000 பேருதான். அங்கே ஒரு ஆட்டம் ஆடினா 22,000 நாற்காலி நட்டம், கண்ணாடி ரூமு வாடகை வேற போச்சு. இதுல காலேஜ் பாரம்பரியமும் இல்லை, மாநில ஒத்துமையும் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு. கணக்கு தப்புன்னு நான் சொல்லலை. கணக்குக்குக் காவி கட்டி விடறதுதான் எனக்குச் சிரிப்பா இருக்கு.

இன்னொண்ணு கேளுங்க. 'ஊட்டு ஆட்டம் ஊட்டுலதான் ஆடோணும்'னு சத்தியம் பண்ணினாங்களே, அவங்களே 2009ல இருந்து டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்தை எங்கே ஆடினாங்க? ஆர்லிங்டன்ல, டாலஸ் பக்கத்துல, மூடின கூரைக்குக் கீழ. இடையில ரெண்டு மூணு வருசம் தவிர 2024 வரைக்கும் அங்கேதான். லிட்டில் ராக் தூரம்னு சொன்னவங்களுக்கு அதைவிட எத்தனையோ தூரத்துல இருக்கற அடுத்த மாநிலம் பக்கமாயிடுச்சு. அந்த மைதானத்தை நடத்தறது யாரு? ஜெர்ரி ஜோன்ஸ். 1964ல ஆர்கன்சா சாம்பியன் பட்டம் வாங்கின அணியில ஆடினவரு. அவரு வளந்தது எங்கேன்னு கேளு கண்ணு. வடக்கு லிட்டில் ராக்ல! ஆக, லிட்டில் ராக்காரன் மைதானத்துல ஆடறதுல உங்களுக்கு ஆட்சேபணையில்லை. அந்த மைதானம் டெக்சாசுல இருக்கோணும், அம்புட்டுத்தான்.

ஒருத்தனை மட்டும் ரெண்டு பேரும் மறந்து போட்டீங்க. தென்கிழக்குக் கோடியில மிசிசிப்பி ஆத்தோரம் லேக் வில்லேஜ்னு ஒரு ஊரு. அங்கே சோயாவும் பருத்தியும் போடற குடியானவனும் பன்னித் தொப்பிக்காரந்தான். லிட்டில் ராக் அவனுக்கு ரெண்டு மணி நேரம், ஆட்டம் பாத்துட்டு ராத்திரிக்கு ஊடு திரும்பிடலாம். ஃபயட்வில்னா ஒரு பக்கத்துக்கே அஞ்சு மணி நேரம். லாட்ஜுல ரூமு போடோணும், ரெண்டு நாளு வேலை கெடும், பொண்டாட்டி பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனா பணம் பறந்துபோகும். அவன் எந்தக் குழுவுலயும் இல்லை, கண்ணாடி ரூமுக்கு நன்கொடையும் எழுதமாட்டான். ரேடியோவுல கேட்டுக்குவான். அவன் பேரைச் சொல்லித்தான் மாப்பிள்ளை நீங்க பேசறீங்க. அவன் காசு வேண்டாம்னுதான் கண்ணு நீ பேசறே. அவன் வந்து எங்கே உக்காருவான்னு ரெண்டு பேருல ஒருத்தரும் கேக்கலை.

கடைசியா ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிடறேன். 2014ல ஜார்ஜியா லிட்டில் ராக்குக்கு வந்துச்சு, நம்மாளுங்க தோத்தாலும் ஆட்டம் ஆட்டமா இருந்துச்சு. அப்புறம் என்ன வந்துச்சு? டொலிடோ, ஆல்கார்ன் ஸ்டேட், ஃபுளோரிடா ஏ அண்ட் எம். நடுவுல ஓல் மிஸ்ஸும் மிசூரியும் தலை காட்டினது நெசம். பொறகு பைன் பிளஃப், வெஸ்டர்ன் கரோலினா, மறுபடி பைன் பிளஃப். 2024ல அந்த ஆட்டம் 70க்கு 0. எழுபது! பழைய சோத்தை நீராகாரத்தோட எலையில ஊத்திப்போட்டு, 'பாத்தீங்களா, விருந்தாளிக்குப் பசியே இல்லை'ன்னு சொல்ற கதைதான் இது. 2025 செப்டம்பர்ல மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. ஜோன்ஸ்போரோவுல இருக்கற ஆர்கன்சா ஸ்டேட், அதே மாநிலத்து அணி, இத்தனை வருசத்துல ஒருநாளும் மோதினதில்லை. உள்ளூர்க்காரன்கிட்டத் தோத்தா மானம் போயிரும்னு ப்ராய்ல்ஸ் காலத்துல இருந்து ஒதுங்கியே இருந்தாங்க. கடைசியில லிட்டில் ராக்லதான் ரெண்டும் மோதிச்சு. 56க்கு 14. பயந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கலை. மாநிலத்து நடுவுல இருக்கற மைதானத்துக்கு ஏத்த ஆட்டம்னா அதுதான். அதைக் கண்டுபிடிக்க இவங்களுக்கு 77 வருசமாச்சு.

பக்கத்துல அலபாமா கதையும் இதுதான். பர்மிங்காம்ல 1927ல கட்டின லீஜன் ஃபீல்டுல, 1948ல இருந்து 1988 வரைக்கும் அலபாமா-ஆபர்ன் ஆட்டம் ஒரு வருசமும் தவறாம நடந்துச்சு. 1989ல ஆபர்ன் தன்னோட ஊருக்கு இழுத்துட்டுப் போச்சு, முதல் வருசமே 30க்கு 20னு ஜெயிச்சும் காட்டுச்சு. அலபாமா 2003ல கடைசியா பர்மிங்காம்ல ஒரு ஆட்டம் ஆடிட்டு மூட்டையைக் கட்டிச்சு. கொஞ்ச காலத்துல அந்த மைதானத்து மேல்தட்டையே பேத்து எடுத்துட்டாங்க. அங்கே இப்ப எவனும் இதுக்காகச் சண்டை போடறதில்லை. சமாதானம்னு நெனச்சுக்காதீங்க. கேக்கறதுக்கு ஆளில்லை, அம்புட்டுத்தான். அதனால லிட்டில் ராக்காரன் கத்தற வரைக்கும் பன்னிக்கு நல்லது கண்ணு. அவன் 'எப்படியோ போங்க'ன்னு எந்திரிச்சுப் போனான்னா, பாதி மாநிலமும் அவன் பின்னாலயே போயிரும்.

தீர்ப்பு வேணுமா? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லிட்டில் ராக்ல ஒரு ஆட்டம், அதுவும் கறிச்சோறு மாதிரி ஆட்டமா இருக்கோணும். டெக்சாஸ் 2024ல இருந்து நம்ம லீக்லதானே இருக்கு? அதைக் கொண்டு வந்து எறக்குங்க பாப்போம். பதிலுக்கு மாப்பிள்ளை, அணி 12ல ரெண்டு ஜெயிச்ச வருசமும், மழை பேஞ்சாலும், பந்து உதைக்கறதுக்கு முன்னாலயே அடுப்பை அணைச்சுட்டு உள்ள போயி உக்காரோணும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கமாட்டீங்க, தெரியும். டெக்சாஸ் ஆட்டத்துல 22,000 நாற்காலியை விட கண்ணுவுக்கு மனசு வராது. வெலாக்கறியைப் பாதியில விட மாப்பிள்ளைக்கு மனசு வராது.

அப்ப ஒண்ணு பண்ணலாம். கண்ணு, நீ காலையில இருந்து ஏழெட்டுத் தடவை 'மூணு மணி நேரம் ஒண்ணுமே இல்லை'ன்னே. நல்லது. அடுத்த ஆட்டத்துக்கு மாப்பிள்ளை குடும்பத்தோட மேல வருவாரு. பெட்ரோலும் நீயே போடு, லாட்ஜு ரூமும் நீயே போடு. லேக் வில்லேஜ்காரன் ஒருத்தனையும் கூட்டியாறச் சொல்றேன், அவனுக்கும் சேத்துக் குடு. ஏங்கண்ணு, பர்ஸை எடுக்கறதுக்குப் பதிலா செல்போனை எடுத்துப் பாக்கறே?